நங்கூரத்தைப் பற்றிய மூன்றாவது குறிப்பு

புக்கானன்
பிப்ரவரி 23

அன்புள்ள இமோஜினுக்கு,

இந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் எழுதப் போகிறேன். குழப்பம் வராமல் இருக்க முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. போன மார்ச்சில் மீனின் எடையைப் பற்றி நான் எடுத்த நிலை சரியானது.
2. உன் தோள்பட்டையைப் பற்றி லோயிஸ் சொன்னது.
3. மீன் தூண்டிலில் இருக்கும்போது நங்கூரத்தை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.
4. இந்த ஆண்டு மீன் பிடிக்க நான் ஏன் வரப்போவதில்லை.

நாம் பேசி ஒரு வருடம் ஆகப்போகிறது. படகு இஞ்சின் சத்தத்திலேயே வேலை பார்த்த உன் காதுக்குத் தொலைபேசி உதவாது. அதனால் எழுதுகிறேன். எண் போட்டு எழுதுவதைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று தெரியும். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ஜியோமெட்ரி சொல்லிக்கொடுத்தவனுக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

முதலாவது. அன்று சரக்குப் படகு ஒன்று அப்போதுதான் நம்மைக் கடந்து போயிருந்தது. அதன் அலை அடங்கவில்லை. நீ பிடித்த கெளுத்தியை வலைத் தொட்டிலில் கிடத்திக் கப்பியில் தூக்கியபோது தராசு முள் தொண்ணூற்றாறு பவுண்டுக்கும் நூற்றைந்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது. "நூத்தி ஒண்ணு! பாத்தியா, நூத்தி ஒண்ணு!" என்று நீ கத்தினாய். நீ பார்த்த நொடியில் முள் அங்கே இருந்திருக்கலாம். நான் பார்த்த நொடியில் அது தொண்ணூற்றெட்டில் இருந்தது. ஆடுகிற படகில் கிடைக்கும் எண் எண்ணே அல்ல. கரைக்குக் கொண்டுபோய் நிறுக்கலாம் என்றேன். அதற்குள் செத்துவிடும் என்று சொல்லி நீ மீனைத் தண்ணீரில் விட்டாய். அது சரிதான். அந்த அளவு மீனைக் கொன்றவனோடு இந்த ஆற்றில் யாரும் உட்கார்ந்து காபி குடிக்க மாட்டார்கள்.

ஆனால் பர்னெலின் தூண்டில் கடைச் சுவரில் தொங்கும் துடுப்பில், நூறு பவுண்டு மீன் பிடித்தவர் தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. கூட இருந்து பார்த்த சாட்சிதான் எழுத வேண்டும். அந்தச் சாட்சி நான். முள் நின்று நான் பார்க்காத ஓர் எண்ணை என் கையால் எழுத முடியவில்லை. அதற்கு நீ கடை வாசலில், எல்லோரும் கேட்க, "இவன் எனக்கு அண்ணன் இல்ல, பரீட்சைப் பேப்பர் திருத்துற மெஷின்" என்றாய். நான் அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டேன். நான் அளவுக்கு மீறிக் கறாராக இருந்தேனோ என்று இந்த வருடம் முழுவதும் யோசித்தேன். யோசித்த பிறகும் எண் மாறவில்லை.

இரண்டாவது. கிறிஸ்துமஸுக்கு உன்னைப் பார்க்க வந்த என் மகள் லோயிஸ் சொன்னாள், உன்னால் வலது கையால் காபிப் பாத்திரத்தைக்கூடத் தூக்க முடியவில்லை என்று. மார்ச் கடைசியில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு கனமான தூண்டில் கோலைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். இதை நீ எனக்கு எழுதியிருக்கலாம்.

மூன்றாவது. நங்கூரக் கயிற்றின் முனையில் ஒரு மிதவையைக் கட்டி வைத்துக்கொண்டு, பெரிய மீன் மாட்டினால் கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு மீனின் பின்னாலேயே போக வேண்டும் என்று நீ வெகுநாளாகச் சொல்லி வருகிறாய். உன் படகில் நான் ஏறும் நாளிலெல்லாம் அந்தக் கயிற்றை நானே இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டி வருகிறேன். கடல் தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்ளும் வற்றத்தின்போது ஆறு ஒரு மிருகம். அதன் போக்கில் விட்ட படகு எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நங்கூரம் போட்ட படகு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நான் எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறவன்; காலையில் பூட்டிய கதவை மத்தியானம் போய் இழுத்துப் பார்க்கிறவன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்காவது. எனக்கு எழுபத்தெட்டு வயது. நீந்தத் தெரியாது. மார்ச் மாதத்து உறைகுளிர்த் தண்ணீரில் விழுந்தவன் கத்துவதற்குள் மூச்சு நின்றுவிடும். படகில் நான் ஒரு கூடுதல் சுமை. இங்கே மலையடிவாரத்தில் இதே ஜேம்ஸ் ஆறு முழங்கால் ஆழத்தில் கூழாங்கல் மேல் ஓடுகிறது. அதைக் கரையில் நின்று பார்ப்பது எனக்குப் போதும்.

தோளுக்கு ஒத்தடம் கொடு.

உன் அண்ணன்,
கிளமென்ட்


ஹோப்வெல்
பிப்ரவரி 27

அண்ணா,

மன்னிப்புக் கடிதம் என்று நினைத்து உறையைக் கிழித்தால் உள்ளே வினாத்தாள் இருக்கிறது.

சரி, நானும் எண் போடுகிறேன். ஒன்று: அது நூற்றொன்று. இரண்டு: லோயிஸுக்கு வாய் நீளம், அவள் அம்மாவைப் போல. மூன்றுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை, எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். நான்குக்கு வரும் முன் எனக்கு எண் போட அலுத்துவிட்டது.

விஷயத்தைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை மார்ச் 24. தசைநார் நூலாக நிற்கிறதாம். டாக்டர் படத்தைக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, மழை நாளில் எடுத்த போட்டோ மாதிரி இருந்தது. தைத்த பிறகு பெரிய கோல் கிடையாது, பெரிய மீன் கிடையாது. "வீட்டுக்குப் பின்னாடி குளத்துல சின்ன மீன் புடிக்கலாமே" என்றார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

இந்தத் தோளில் இன்னும் ஒரு மீன் இருக்கிறது, அண்ணா. ஒன்றே ஒன்று. அது எனக்குத் தெரியும்.

ஆறு இப்போது கலங்கலாக, டீ நிறத்தில் ஓடுகிறது. ஷாட் மீன் கூட்டம் பாலம் வரை ஏறி வந்துவிட்டது. நேற்று இரைக்கு வலை வீசி ஒரு வாளி பிடித்தேன், இடது கையால். மேப்பிள் மரங்கள் பூத்துச் சிவக்கத் தொடங்கிவிட்டன. மீன்பருந்து வருவதற்குள் பெரிய நீலக் கெளுத்திகள் வெளி வளைவின் விளிம்பில், ஆழம் சட்டென்று இறங்கும் இடத்தில், தின்று தீர்க்க வந்து நிற்கும். நீ கோடு போட்டு விளக்காமலே இது எனக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது சாட்சி. பர்னெல் கடையில் இந்தப் பேச்சு எழுந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"ஏன் இமோ, உன் அண்ணன்தான் வேணுமா? நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றான் பர்னெல்.

"நீ எண்பது பவுண்டு மீனையே நூறுன்னு சொல்றவன். நீ எழுதினா எவன்டா நம்புவான்?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். பிறகு கேட்டான்: "அப்ப கிளெம் எழுதினா?"

"கிளெம் எழுதினா கவர்னரே வந்து இல்லைன்னாலும் இந்த ஆத்துல ஒருத்தன் கேக்க மாட்டான்."

இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருடம் நீ எழுத மறுத்தாயே, அதனால்தான் இந்த வருடம் நீ எழுதினால் அது நிற்கும். எனக்கு இதில் எவ்வளவு எரிச்சல் என்று உனக்குப் புரியாது.

நீ சுமையாம். நீ நூற்றைம்பது பவுண்டுகூட இருக்க மாட்டாய். என் குளிர்பெட்டி உன்னைவிடக் கனம்.

இமோ


புக்கானன்
மார்ச் 2

அன்புள்ள இமோஜினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பர்னெல் கடையில் நீ சொன்னதை லோயிஸிடம் படித்துக் காட்டவில்லை. நானே இரண்டு முறை படித்தேன்.

கீழே சில கேள்விகள் கேட்கிறேன். நான் வருகிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

மிதவைச் சட்டைகள் புதியவையா, அல்லது எலி கடித்த அந்தப் பழையவைதானா? நங்கூரக் கயிறு எத்தனை வருடப் பழசு? தராசை யாராவது சரிபார்த்தார்களா? பர்னெல் கடையில் இருக்கும் ஐம்பது பவுண்டு எடைக்கல்லைத் தொங்கவிட்டு ஒரு முறை, இரண்டு கற்களைத் தொங்கவிட்டு ஒரு முறை பார்க்கச் சொல். இரண்டிலும் முள் சரியாக நின்றால்தான் அது தராசு.

இன்னொன்று முக்கியமானது. பிடிப்பவர் கையைத் தவிர வேறு கை கோலிலோ ரீலிலோ தூண்டில் நரம்பிலோ பட்டால் அந்த மீன் பிடித்தவருடையது ஆகாது. விரல் நுனி பட்டாலும் ஆகாது. இது உனக்கும் தெரியும். யார் சாட்சியாக வந்தாலும், நீ வலியில் கூப்பிட்டால் அவர் உதவிக்கு வர முடியாது. வந்தால் துடுப்பில் உன் பெயர் இல்லை. இதை யோசித்துத்தான் நீ போக வேண்டும். அந்தத் தோளோடு ஒரு பெரிய கெளுத்தியை ஓட்டத்துக்கு எதிராக இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சுருக்கமாகச் சொன்னால், போகாதே.

சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகளை லோயிஸ் எங்கேயோ வைத்துவிட்டாள். தேடிக்கொண்டிருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கிளமென்ட்


ஹோப்வெல்
மார்ச் 6

அண்ணா,

மிதவைச் சட்டை புதுசு. கயிறு புதுசு. தராசை இரண்டு கற்களிலும் பார்த்தாயிற்று, முள் கல் மாதிரி நின்றது. பர்னெல், "இது கிளெம் கேட்டதுதானே?" என்றான். நான் கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கோலைப் பிடிக்கச் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன். செத்தாலும் கூப்பிட மாட்டேன். போதுமா?

வியாழக்கிழமை 12ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு வற்றம் தொடங்குகிறது. படகுத்துறையில் எட்டரைக்கு இருப்பேன். நீ வந்தால் இருவராகப் போவோம். வராவிட்டால் ஒருவராகப் போவேன்.

காலுறை கிடைத்ததா?

இமோ


ஹோப்வெல்
மார்ச் 16

அண்ணா,

வெள்ளிக்கிழமை காலையில் தும்மிக்கொண்டே லோயிஸின் வண்டியில் ஏறினாய். "போற வழியில மருந்துக் கடையில நிறுத்தணும்" என்று என் காதுக்கே கேட்கும்படி அவளிடம் சொன்னாய். உன்னைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தூண்டில் முள் வாங்கப் பர்னெல் கடைக்குப் போனேன். அவன் சுவரைக் காட்டினான்.

கறுப்புப் பெயின்டில் என் பெயர். மேலே கீழே பென்சில் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. கோட்டை அழிக்கக்கூட இல்லை. அந்தத் துடுப்பில் இருக்கும் பெயர்களெல்லாம் குடித்துவிட்டு எழுதினது மாதிரி சாய்ந்து கிடக்கின்றன. என் பெயர் மட்டும் கல்லறைக் கல்லில் செதுக்கினது மாதிரி நிற்கிறது. எடைக்கு நேரே 100½. அரை! அந்தச் சுவரில் வேறு யாருக்கும் அரை கிடையாது.

நான் கடையில் அழவில்லை. வெளியே வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அது என் சொந்த விஷயம்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். வியாழக்கிழமை படகில் என்ன நடந்தது என்று எனக்குப் பாதிதான் தெரியும். நான் படகின் பின்புறம் பார்த்து நின்றேன், நீ என் முதுகுக்குப் பின்னால் முன்புறத்தில் இருந்தாய்.

எனக்குத் தெரிந்த பாதி இது. பத்தரை மணி வரை ஒன்றும் இல்லை. நீ பன்றிக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டியைக் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், கையில் எண்ணெய் படாமல். இரண்டாவது கோல் வளையத் தொடங்கியது. நான் வெட்டி இழுக்கவில்லை. வட்டமாக வளைந்த முள்ளுக்கு அது கூடாது, மீன் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். கோலின் நுனி தண்ணீருக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. அது மீன் மாதிரி இல்லை அண்ணா, ஆற்றுக்கு அடியில் யாரோ லாரியைக் கிளப்பினது மாதிரி இருந்தது. கோலைத் தாங்கியிலிருந்து உருவினேன். மீன் வற்றத்தோடு சேர்ந்து கீழே ஓடியது. ஆறு ஒரு பக்கம் இழுக்கிறது, மீன் அதே பக்கம் இழுக்கிறது, படகு நகராமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் என் தோள்.

கொஞ்ச நேரத்தில் தோளுக்குள் ஏதோ கிழிந்தது. சத்தமே கேட்டது. அப்போது நான் செத்தாலும் செய்ய மாட்டேன் என்று எழுதிக்கொடுத்ததைச் செய்தேன்.

"அண்ணே, புடி! கோலப் புடிண்ணே!"

பதில் இல்லை. திரும்பிப் பார்க்க முடியவில்லை. "கிளெம்! காது கேக்கலையா? கை போவுதுடா, புடிடா!" என்று கத்தினேன். அப்போதும் இல்லை. பயந்துபோய் முன்னால் குந்திவிட்டான் என்று நினைத்தேன். நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதற்காகத் தனியாக ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு திடீரென்று பாரம் குறைந்தது. மீன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. கரையில் மரங்கள் நகர்ந்தன. படகு மீனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இடது கையை மேலே மாற்றி, கோலை இடுப்பில் முட்டுக் கொடுத்து, நரம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியாது. அப்புறம் ஒரு மெத்தென்ற இடி. சேற்றுத் திட்டு. ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் சேறு, நடுவில் நாம் குத்தவைத்து உட்கார்ந்த மாடு மாதிரி.

படகு அசையவே இல்லை. நீ தராசை எடுத்துக்கொண்டு வந்தாய், முகம் சுண்ணாம்பு மாதிரி. தொட்டிலில் மீனைத் தூக்கினோம். முள் நூற்றுமூன்றில் நின்றது. நின்றது அண்ணா, ஆணி அடித்தது மாதிரி.

"நூத்தி மூணு!"

"பொறு. மீனை இறக்கு. தொட்டில தனியா நிறுக்கணும்."

"அடப்பாவி அண்ணே!"

"ஈரத் தொட்டில் இமோ. அதுக்கும் எடை இருக்கு."

உன்னை ஆற்றில் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக. மீன் படகின் விளிம்போரத் தண்ணீரில் என் கையில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, நீ காலித் தொட்டிலைத் தொங்கவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாய். இரண்டரை. வாய்க்குள்ளேயே கழித்தாய். நூறுக்குக் கீழே போய்விடுமோ என்று உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ "நூறரை" என்றாய். அவ்வளவுதான். நான் மீனின் வாயிலிருந்து முள்ளை எடுத்து ஆழத்தின் பக்கம் விட்டேன். வாலை ஒரு தடவை அசைத்துவிட்டுக் கீழே போனது, அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி.

அதற்குள் தண்ணீர் இறங்கி நாம் முழுசாகச் சேற்றில். ஏற்றம் வந்து தண்ணீர் திரும்பும்வரை உட்கார வேண்டியதாயிற்று. பிளாஸ்கில் இருந்த காபியை எல்லாம் எனக்கே ஊற்றிக் கொடுத்தாய். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை, வலி வாயை மூடிவிட்டது.

நங்கூரக் கயிற்றின் முனையை அப்புறம்தான் பார்த்தேன். அவிழ்த்தது இல்லை, அறுத்தது. ஒரே வெட்டும் இல்லை, ஐந்தாறு இடத்தில் பல் பட்டது மாதிரி. பர்னெலிடம் காட்டினேன். "பயத்துல அறுத்திருப்பான் பாவம், கிளெமுக்குத் தண்ணின்னாலே ஆகாது" என்றான். கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "வாய மூடுங்கடா" என்றேன். ஆனால் அவன் சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை.

உன் வாயால் கேட்க வேண்டும். நான் கூப்பிட்டபோது நீ ஏன் வரவில்லை? கயிற்றை ஏன் அறுத்தாய்?

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதே.

இமோ


புக்கானன்
மார்ச் 20

அன்புள்ள இமோஜினுக்கு,

எழுத்து கோணலாகத்தான் இருந்தது. திருத்தவில்லை.

நீ கூப்பிட்டது முதல் தடவையே கேட்டது. நான் முன்பக்கத்திலிருந்து எழுந்து வந்தேன். இது உனக்குத் தெரியாது. உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கையை நீட்டினேன். கோலின் அடிப்பக்கத்துக்கும் என் விரல்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். உன் வலது தோள் துடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. தொட்டால் உன் வலி நிற்கும், உன் பெயர் போகும். தொடாவிட்டால் பெயர் இருக்கும், கை போகும். கையை நீட்டியபடியே நான் நின்றேன். அங்கே நின்ற நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. நேரம் தெரியாமல் நான் எங்கேயும் நின்றது கிடையாது.

நான் வேகமாக யோசிக்கிறவன் இல்லை. கரும்பலகையில் படம் போட்டால்தான் எனக்கு எதுவும் விளங்கும். அப்போது எப்படியோ அது படமாகத் தெரிந்தது. நங்கூரம் கயிற்றைப் பிடித்திருக்கிறது. கயிறு படகைப் பிடித்திருக்கிறது. படகு உன்னைப் பிடித்திருக்கிறது. நீ மீனைப் பிடித்திருக்கிறாய். எல்லாம் ஒரே கோட்டில். ஆறு முழுவதும் அந்தக் கோட்டை இழுக்கிறது, கோட்டில் மிகவும் பலவீனமான இடம் உன் தோள். அங்கே நான் கை வைக்கக் கூடாது. மீனிடம் சொல்ல முடியாது. கோட்டில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரே இடம்தான்.

முன்பக்கம் திரும்பிப் போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவிழவில்லை. அது என் இரட்டை முடிச்சு. இழுவையில் இறுகி இரும்பாகிவிட்டது. நகம் உடைந்தது. அப்போதுதான் நீ எனக்கு நம் அம்மா வைத்த பெயர் அல்லாத பல பெயர்களை வைத்துக்கொண்டிருந்தாய். ஷாட் மீன் நறுக்கும் கத்தி வாளியில் கிடந்தது. அதை எடுத்து அறுத்தேன். புதுக் கயிறு என்பதால் சீக்கிரம் அறுபடவில்லை. நான்தானே புதுக் கயிறு கேட்டேன்.

பயத்தில் அறுத்தேனா என்று பர்னெல் கேட்டால், பயத்தோடு அறுத்தேன் என்று சொல். கடைசி இழை விட்டபோது படகு பின்னுக்குப் போனதே, அப்போது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாம் எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. கரையில் எந்த அடையாளமும் பிடிபடவில்லை. இஞ்சினைக் கிளப்பினால் நரம்பு விசிறியில் சுற்றிக்கொள்ளும், அதனால் அதையும் தொடவில்லை. இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தோள் துடிப்பது நின்றது. நீ நரம்பைச் சுற்றத் தொடங்கினாய். அதற்குப் பிறகு படகு எங்கே போனாலும் போகட்டும் என்று இருந்தது.

சேற்றில் உட்கார்ந்திருந்தபோது நான் ஏன் பேசவில்லை என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்வேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உள்ளே மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மருந்துக் கடைக்கும் போனேன். பொய் சொல்லவில்லை. அதற்கு முன் பர்னெலிடம் பெயின்ட் கேட்டேன். அவன் தூரிகையைக் கொடுத்துக்கொண்டே, "அரை எதுக்கு கிளெம்? நூறுன்னு போடு, பாக்க அழகா இருக்கும்" என்றான்.

"அரை இருந்துச்சு பர்னெல்."

"ஒருத்தனும் கேக்க மாட்டான்யா."

"அது அவ இழுத்த அரை. அத எடுக்க நான் யாரு?"

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டான், நான் ஏறி நின்று எழுதினேன். பென்சில் கோட்டை அழிக்கத்தான் நினைத்தேன், பெயின்ட் காயவில்லை. அடுத்த தடவை வரும்போது அழிக்கிறேன்.

அடுத்த தடவை என்றால் 24ஆம் தேதி. லோயிஸ் ஓட்டி வருகிறாள். மருத்துவமனை வாசலில் உன்னை இறக்கிவிட்டு, நீ விழிக்கும்வரை நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். மறுப்பு எழுத உனக்கு நேரம் இல்லை, தபால் போய்ச்சேர இரண்டு நாள் ஆகும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். புது நங்கூரம், அதற்கு ஒரு கயிறு, கயிற்று முனைக்கு ஒரு ஆரஞ்சு மிதவை, ஒரே விரலால் கழற்றக்கூடிய ஒரு கொக்கி. கொக்கியைச் சமையலறை மேசைக் காலில் மாட்டி நாற்பது தடவை கழற்றிப் பார்த்தேன். நாற்பது தடவையும் கழன்றது. அடுத்த மார்ச்சில் கனமான கோலை நீ தொடக் கூடாது என்பது மருத்துவர் சொன்னது, அது அப்படியே இருக்கட்டும். கோலை நான் பிடிக்கிறேன். நீ முன்பக்கம் உட்கார்ந்து கொக்கியில் விரலை வைத்துக்கொள். நான் கூப்பிடும்போது கழற்று. எனக்கு நூறு பவுண்டு மீன் மாட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாட்டினால் என் பெயரைத் துடுப்பில் நீதான் எழுத வேண்டும். இப்போதே பயிற்சி எடுத்துக்கொள், உன் எழுத்து நேராக இருக்காது.

பிப்ரவரி 23ஆம் தேதிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நகல் வைத்திருக்கிறேன், நீ சிரிப்பாய். முதலாவது குறிப்பில் மாற்றம் எதுவும் இல்லை. போன வருட மீன் எத்தனை பவுண்டு என்று எனக்கு இன்றும் தெரியாது, உனக்கும் தெரியாது. இரண்டாவது குறிப்பை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நான்காவது, நான் வர மாட்டேன் என்று எழுதியது, அன்றைய தேதிக்கு உண்மைதான்.

மூன்றாவது தவறு.

உன் அண்ணன்,
கிளமென்ட்